கிணறு அடைக்கப் போனவர்

குத்தாலம்
18 ஜனவரி 2021

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. போகிக்கு முன்பே பிடித்த மழை மாட்டுப் பொங்கல் வரை விடவில்லை. அறுவடைக்கு நின்ற சம்பா படுத்துவிட்டது. வடக்கு வயலில் சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைக்க ஆரம்பித்துவிட்டது. மாமா தினமும் வரப்பில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். தை பிறக்கும்போது இப்படி ஒரு மழையை அவர் வயசுக்கும் பார்த்ததில்லையாம்.

ஆனாலும் இது சந்தோஷத்தில் எழுதும் கடிதம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் நம் பழைய வழக்கப்படி எழுதுகிறேன். என்ன, இன்லேண்டுக்குப் பதில் மெயில்.

நேற்று விவசாயிகள் சங்கக் கூட்டம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, கொண்டாடலாம் என்று தலைவர் புகழேந்தி அண்ணன் கூட்டியிருந்தார். இனி புதிதாக எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் கிணறு வரக்கூடாது என்று சட்டம் வந்ததில் நம் ஊர்ப் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று பேசிவிட்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டார். ராஜாத்தி அக்கா வயலில் குழாய் உடைந்து எண்ணெய் ஓடியபோது முதல் ஆளாகப் போய் மறியலில் உட்கார்ந்தவள் நான். ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தேன். இருந்தாலும், "இவ புருஷன் வெளிநாட்டுல அதே கிணத்தத்தான தோண்டுறாரு" என்று யாராவது ஒருத்தர் முணுமுணுக்காமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை.

நேற்று நானே எடுத்துச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் இருக்குற டென்மார்க்குல, கடல்ல புதுசா எண்ணெய் எடுக்க இனிமே யாருக்கும் லைசென்ஸ் குடுக்குறதில்லன்னு போன மாசம் முடிவு பண்ணிட்டாங்க. அவரும் தோண்டுற வேலையில இல்ல. பழைய கிணத்த அடைக்கிற வேலைக்கு மாறிட்டாரு" என்றேன். கை தட்டினார்கள் அத்தான். நான் கீழே இறங்கியதும் ராஜாத்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுடி" என்றார்.

இனி தோண்டமாட்டேன் என்று நான் ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று நீங்கள் போனில் கொடுத்த வாக்கு. காப்பாற்றிவிட்டீர்கள். நெல் போனது போகட்டும்.

உங்கள்
பூர்ணிமா


எஸ்பியர், டென்மார்க்
21 பிப்ரவரி 2021

அன்புள்ள பூர்ணிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊரில் கை தட்டினார்கள் என்பதைப் படித்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இங்கே நாங்கள் செய்வது ஒன்றும் வீரச் செயல் இல்லை. வற்றிப்போன கிணற்றுக்குள் சிமெண்டை இறக்கி, இறுகிவிட்டதா என்று சோதித்து, கடலடியில் குழாயை அறுத்துவிட்டு வருகிறோம். தோண்டவும் அடைக்கவும் கடலில் நிற்கும் ஒரே ரிக் மேடைதான். அதே கால்கள், அதே கோபுரம், அதே ஆட்கள். சாப்பிடும் மேசைகூட மாறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க் புது லைசென்ஸைத்தான் நிறுத்தியிருக்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் கிணறுகளில் 2050 வரை எடுக்கலாம். இன்னொன்று, போன வாரம் எங்களைத் தாண்டி ஒரு ரிக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். "நார்வே பக்கம். அங்கே புதுக் கிணறு" என்றான் கூட இருந்தவன். ஒரே கடல் பூர்ணி. நடுவில் ஒரு கோடு இருப்பது மேப்பில்தான் தெரியும். இந்தப் பக்கம் அடைக்கிறோம், அந்தப் பக்கம் திறக்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டு, "வாங்குகிறவன் இருக்கும்வரை விற்கிறவனும் இருப்பான்" என்கிறார்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் பயிர்க் காப்பீட்டுக்கு எழுதிப் போடச் சொல்.

அன்புடன்
குணசேகரன்


குத்தாலம்
20 நவம்பர் 2022

அன்புள்ள அத்தானுக்கு,

சீர்காழிப் பக்கம் பெய்த மழையை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் வானம் மொத்தமும் கொட்டித் தீர்த்துவிட்டது. நமக்கு அவ்வளவு மோசமில்லை. நடவு நட்ட பயிர் மட்டும் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் பிழைத்த நாற்றைப் பிடுங்கிப் பயிர் போன இடத்தில் நட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் லீவுக்கு வந்து வெகு நாளாகிறது. தீபாவளிக்கு என்றீர்கள், பிறகு பொங்கலுக்கு என்றீர்கள். வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். குரலை மட்டும் கேட்டுக் கேட்டு எனக்கு உங்கள் முகம் மறந்துவிடும் போலிருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதீர்கள்.

புகழேந்தி அண்ணன் காலநிலை மாற்றம் பற்றிக் கும்பகோணத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார். உங்கள் வேலையைப் பற்றித்தான் அங்கேயும் பேசினேன். ஒரு கல்லூரிப் பெண் வந்து, "அக்கா, இப்படி எல்லா நாடும் அடைச்சுட்டா நல்லாயிருக்கும்ல" என்றாள்.

உங்கள்
பூர்ணிமா


எஸ்பியர்
2 டிசம்பர் 2022

அன்புள்ள பூர்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். வேலை அதிகம். பொங்கலுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை.

கூட்டங்களில் என்னைப் பற்றிப் பேச வேண்டாமே. நீ செய்ததைப் பற்றிப் பேசு. அது போதும்.

குணசேகரன்


குத்தாலம்
4 ஜூன் 2023

குணசேகரன் அவர்களுக்கு,

இன்று காலை வேளாங்கண்ணியிலிருந்து ஜெக்கரியா என்று ஒருவர் வந்தார். உங்கள் கேம்ப்பில் கம்ப்ரசர் மெக்கானிக்காம். லீவில் வந்திருக்கிறார். மாமாவிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய பையைக் கடைத்தெருவில் உரக்கடையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவர். மரியாதை தெரிந்த மனிதர். சாருடைய வீடுவரை வந்துவிட்டு உள்ளே வராமல் போவதா என்று மாமாவோடு வந்துவிட்டார்.

பையைப் பிரித்தேன். முந்திரி. வறுக்காத முந்திரி, பெரிய பெரிய பருப்பு.

"டென்மார்க்குல முந்திரியெல்லாம் விளையுதா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவரும் சிரித்தார். "டென்மார்க்கா? அங்க ஏது அக்கா முந்திரி? இது எங்க மொசாம்பிக் முந்திரி. கேம்ப்ப விட்டு வெளிய வந்தா ரோட்டோரம் பூரா இதான் விக்கிறாங்க. சார் சொல்லலியா? அவரு அங்க வந்து ஒரு வருசம் ஆவுதே. புதுக் கிணறு மூணாவது போட்டுக்கிட்டிருக்கோம்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "பூர்ணிமா, தம்பி வெயில்ல வந்திருக்கு. மோர் கொண்டாம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்குத் தெரியும். பெற்ற அப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் போன பிறகு மாமாவிடம் கேட்டேன். "ஒங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்கிட்டிருப்பியா? அவன் வேலையை விட்டுட்டு வந்து இங்க என்ன பண்ணுவான்?" என்றார். "ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன் மாமா. அதுக்காக?" என்றேன்.

"குளிர் ஆரம்பித்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்களே. வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் அதைத் தட்டினீர்களா?

நீங்கள் வேலை மாறியதை நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன், பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் தாங்கியிருப்பேன். ஆனால் என்னைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறிப் பொய் சொல்ல விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கும்பகோணத்தில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நான் இப்போது என்ன சொல்வேன்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் முந்திரியைத் தவிர வேறு என்ன விளைகிறது?

பூர்ணிமா


மொசாம்பிக்
25 ஜூன் 2023

பூர்ணிமா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் நான் என்ன சொல்லிவிடப்போகிறேன். எழுதுகிறேன். இந்த முறை நாட்டின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறேன்.

எஸ்பியரில் அடைக்க வேண்டிய கிணறுகள் முடிந்ததும் கம்பெனி ரிக்கை உடைத்துப் பழைய இரும்புக்கா போடும்? கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். ரிக்கோடு வருகிறவர்களுக்கு வேலை உண்டு, வராதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ அன்றைக்குத்தான் போனில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசியதாகச் சொன்னாய். எழுதவில்லை. அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நீ கோபப்பட்டாலும் சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் புதுக் கிணறு வேண்டாம் என்றது. நார்வே வேண்டும் என்றது. நம் டெல்டா வேண்டாம் என்றது. மொசாம்பிக் வாருங்கள் என்றது. எரிக்கிறவர்கள் யாராவது எரிப்பதைக் குறைத்தார்களா? ஓர் இடத்தில் அடைத்த வாயு இன்னோர் இடத்தில் கிளம்புகிறது. இங்கே இருக்கும் அதிகாரி ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டேன், உங்களுக்கு இது எதற்கு என்று. "நீங்களெல்லாம் நூறு வருஷம் எரித்து ரோடும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்டீர்கள். எங்கள் முறை வரும்போது மட்டும் உலகம் சூடாகிறதா?" என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

நீ சம்பாவுக்குத் தூவுகிறாயே யூரியா, அதை எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா? எரிவாயுவிலிருந்து. நம் நாட்டில் செலவாகும் வாயுவில் பாதியளவு கப்பலில் வருவதுதான். நம் வயலுக்குக் கீழே எடுக்கக் கூடாது என்றோம். சரி. யாரோ ஒருவர் வயலுக்குப் பக்கத்தில் எடுத்ததைத்தான் நம் வயலில் போடுகிறோம். நீ என்னை ஊருக்குக் காட்ட ஒரு நல்ல புருஷனாகச் செய்து வைத்திருந்தாய். அந்த ஆளாக இருக்க எனக்கு முடியவில்லை.

என்ன விளைகிறது என்று கேட்டாய். நெல்.

கிணறு கடலில். வாயுவைச் சுத்தம் செய்யும் ஆலை கரையில். ஆலைக்கு எடுத்த இடத்தில் பள்ளக்காலாக ஒரு நிலம். மழைத் தண்ணீர் தேங்கும் இடம். அங்கே பெண்கள் நெல் போடுகிறார்கள். வேலி போடப் போன அன்று நானும் கம்பெனி வண்டியில் இருந்தேன். நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி சேற்றை அள்ளி வண்டிக் கண்ணாடிமேல் எறிந்துகொண்டே கத்தினாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் என்ன சொல்கிறாள் என்று ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நீ போலீஸ் வண்டிமேல் எறிந்ததை அன்று டிவியில் பார்த்தவன் நான்.

இறங்கவில்லை. டிரைவர் வைப்பரைப் போட்டான்.

குணசேகரன்


குத்தாலம்
17 ஆகஸ்ட் 2023

யூரியா என்று எழுதியது என்னைச் சுட்டது. மூன்று நாள் அந்த மூட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிறகு அதே மூட்டையைப் பிரித்துத்தான் குறுவைக்குத் தூவினேன். வேறு வழி தெரியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இத்தனை வருஷம் நான் தெரியாமல் தூவினேன். நீங்கள் தெரிந்து மறைத்தீர்கள்.

சுதந்திர தினத்தன்று கிராம சபையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அடைக்கப் போனது உண்மை, இப்போது இன்னொரு நாட்டில் தோண்டுகிறார், ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது என்று. அங்கே நெல் விளைகிற பள்ளத்தில் ஆலை வருவதையும் சொன்னேன். சிரிப்பார்கள், திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

புகழேந்தி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "அத விடும்மா. நம்ம ஊரு தப்பிச்சுதா இல்லையா? ஆப்பிரிக்காவுல எவன் எங்க தோண்டுனா நமக்கென்ன? குணா நல்லா சம்பாதிக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். என்னோடு ஜெயிலில் இருந்தவர்களும்தான். நீங்கள் செய்ததைவிட அது என்னை உடைத்துவிட்டது. நாங்கள் மண்ணுக்காகப் போராடினோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் மண்ணுக்காக மட்டும்தான் போலிருக்கிறது. எங்கே எரித்தாலும் அதனால் வரும் காலம் தப்பிய மழை நம் கதிர்மேல்தான் விழும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ராஜாத்தி அக்கா மட்டும் கூடவே வீடுவரை வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "சேத்த எறிஞ்சாளே ஒருத்தி, அவ பேரு என்னவாம்?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். "கேட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமாவோடு நான் பேசுவது குறைந்துவிட்டது. ஐப்பசியில் திருக்கடையூரில் அவருக்கும் அத்தைக்கும் சதாபிஷேகம். நீங்கள் வருவீர்கள், தெரியும். வந்திருக்கிறவர்களுக்காக நானும் நிற்பேன்.

பூர்ணிமா


மொசாம்பிக்
14 ஜனவரி 2024

பூர்ணி,

திருக்கடையூரில் போட்டோக்காரன் சொன்ன இடத்திலெல்லாம் என் பக்கத்தில் நின்றாய். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கலசத் தண்ணீர் ஊற்றும்போதும் என் கைமேல் உன் கை இருந்தது. நான் கார் ஏறும்போது மட்டும் கிட்டே வந்து, "அந்தப் பொம்பள பேரு கேட்டீங்களா?" என்றாய்.

கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களையெல்லாம் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளித் தகரக் கூரை போட்ட வீடுகளில் வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடு. கடல் தெரியாது, தண்ணீர் தேங்கும் பள்ளமும் கிடையாது. சோளம் போடச் சொல்லியிருக்கிறார்களாம். மணல்.

அவள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. என் மனைவியும் நெல் விளைவிக்கிறவள், உங்கள் பெயரைக் கேட்டாள் என்று டிரைவரைச் சொல்லச் சொன்னேன். உலக்கையை நிறுத்தாமலே அவள் சொன்ன பதிலை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "பேர் கேட்டு வந்தவர்கள் முன்னாலேயும் இருக்கிறார்கள். பேரை எழுதிக்கொண்டார்கள், பிறகு வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இவரும் பேர் கேட்க வந்திருக்கிறாரா? இந்தத் தகர வீட்டையும் எடுக்கப் போகிறார்களா?" உலக்கையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது இன்னொன்றைப் பார்த்தேன். கிணறு தோண்டும்போது கடலிலிருந்து வரும் ரசாயனச் சேற்றைக் கரையில் கொட்டிவைக்க ஒரு குழி வெட்டுகிறார்கள். ஆலைக்கு அந்தப் பக்கம் என்று அந்தத் தகர வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டுவது அவர்களுடைய குடிதண்ணீர்க் கிணறுகளுக்கு மேட்டில். மணல் பூமி. மழை வந்தால் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

என்னால் முடியவில்லை பூர்ணி. ராஜினாமா கொடுத்துவிட்டேன். மார்ச் கடைசிவரை இருக்கச் சொல்கிறார்கள். என் இடத்துக்கு நார்வேயிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். நான் போவதால் ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கப்போவதில்லை. இருந்தாலும் வந்துவிடுகிறேன். சித்திரைக்கு வீட்டில் இருப்பேன். உன்னோடு வயலில் நிற்கிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

குணசேகரன்


குத்தாலம்
28 ஜனவரி 2024

அத்தானுக்கு,

ராஜினாமா செய்தி வந்த அன்று மாமா சாப்பிடவில்லை. அத்தை அழுதார். நான் சந்தோஷப்படுவேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் சந்தோஷம் வரவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஏன் வரவில்லை என்று.

நீங்கள் விட்டாலும் அந்தக் கிணறு நிற்காது. அது உங்கள் குற்றம் இல்லை. டென்மார்க் ஒன்று சொல்கிறது, நார்வே ஒன்று சொல்கிறது, நாம் ஒன்று செய்கிறோம். அதை நானோ நீங்களோ சரிசெய்துவிட முடியாது என்று எனக்கும் இப்போது தெரிகிறது. உங்கள் ரிக்கை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் குழி. அது எங்கே வெட்டப்படுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், எத்தனை நாளில் அவர்கள் கிணற்றில் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு விமானம் ஏறி வந்து என் பக்கத்தில் வயலில் நிற்பேன் என்கிறீர்கள். எனக்கு எழுதிய மாதிரியே அவர்களுக்கும் "குளிர் ஆரம்பித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வருவதுதானே அது?

ராஜாத்தி அக்கா வயலில் குழாய் உடைவதற்கு முன்னால் அந்தக் குழாய் அரித்துக்கிடந்தது எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். தினம் அந்த வரப்பில் நடந்து அளந்துவிட்டுப் போன கம்பெனி ஆட்கள். நாங்கள் மோர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட, "அம்மா, இது தாங்காது" என்று சொல்லவில்லை. அவர்கள் எல்லோருக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள்.

அந்தப் பெண் கதவைச் சாத்தியது நியாயம். அவள் பெயர் எனக்கு வேண்டாம். மறுபடியும் போங்கள். இந்த முறை எதையும் கேட்காதீர்கள், சொல்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்று சொல்லுங்கள். அந்த வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். கம்பெனி உங்கள்மேல் வழக்குப் போடலாம், பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் ஜெயிலுக்குப் போனபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதைச் செய்துவிட்டால் நான் உங்களைப் பழையபடி நம்பிவிடுவேனா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வராதீர்கள்.

பூர்ணிமா